கொடுத்த கையும் காத்த வாக்கும்

வருடந்தோறும் இம்மலரின் கடைசிப் பக்கங்களில் உபயகாரர்களின் பெயர்ப்பட்டியல் வெளிவருவதை நாம் அனைவரும் அறிவோம். மலர் கைக்குக் கிடைத்ததும் பலர் முதலில் புரட்டுவதும் அந்தப் பக்கங்களைத்தான். அதிற் பிழையேதுமில்லை. கொடுத்தவரின் பெயரைச் சொல்லி நன்றி பாராட்டுவது சபையின் கடமையாகும்.

ஆயினும் பல ஆண்டுகளாக அப்பட்டியலைத் தயாரித்து வருபவன் என்ற வகையில் என் மனதில் ஒரு கேள்வி இருந்துகொண்டே வருகின்றது. தர்மம் என்பது ஒருவர் தேடிய பொருளில் மிஞ்சியதைப் பின்னர் எடுத்துக் கொடுப்பதா? அல்லது பொருள் தேடும்போதே, கணக்கு எழுதும்போதே, சொன்ன சொல்லைக் காப்பாற்றும்போதே நடந்து முடிந்துவிடுகின்ற ஒன்றா? இக்கேள்வியை நூல்களில் இருந்து மட்டும் ஆராயும் தகுதி எனக்கில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக அரசாங்க எழுதுவினைஞராகக் கடமையாற்றியவன் நான். எனக்குத் தெரிந்தது கணக்கும் விதியும்தான். ஆகவே ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கணக்குப் புத்தகம் போல விரித்து வைத்து, அதன் வழியாகச் சிந்திக்க விரும்புகின்றேன்.

அம்மனிதரின் பெயர் அலோன்சோ ஹேர்ண்டன். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், சோஷியல் சேர்க்கிள் என்னும் ஊருக்கு அண்மையில் 1858ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர். தாய் அடிமைப் பெண். தந்தை அந்தப் பண்ணையின் வெள்ளைக்கார எசமான். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்றபோது பிள்ளைக்கு ஏழு வயது. விடுதலை கிடைத்ததே தவிர வீடும் இல்லை, நிலமும் இல்லை. தாயும் பாட்டன் பாட்டியும் கூலிக்கு உழைக்க, சிறுவனும் வயலில் இறங்கினான். கச்சானும் வீட்டில் காய்ச்சிய பாணியும் வண்டிச் சில்லுக்குப் பூசும் கொழுப்பும் விற்று நாலு காசு சேர்த்தான். பள்ளிக்கூடம் போனது எல்லாமாக ஏறத்தாழ ஒரு வருடம் மாத்திரமே.

1878இல், இருபது வயதில், பதினொரு டொலர் சேமிப்புடன் கால்நடையாக ஊரை விட்டுப் புறப்பட்டார். வழியில் ஓர் ஊரில் பண்ணை வேலை செய்துகொண்டே முடிதிருத்தும் தொழிலைப் பழகினார். பின்னர் ஜோன்ஸ்பரோ என்ற ஊரில் சிறு கடை வைத்தார். 1883 அளவில் அட்லாண்டா நகரத்துக்கு வந்து ஒரு சலூனில் வேலைக்குச் சேர்ந்து, ஆறு மாதத்துக்குள் அந்தச் சலூனிலேயே பாதிப் பங்கை வாங்கினார். 1904 அளவில் அவருக்கு மூன்று சலூன்கள் இருந்தன. அவற்றுள் பீச்றீ வீதியில் 66ஆம் இலக்கத்தில் இருந்த சலூன், பளிங்குச் சரவிளக்குகளும் தங்க நிறப் பொருத்துகளும் கொண்டதாய் அப்பிரதேசம் எங்கும் புகழ் பெற்றிருந்தது.

எமது ஊர்களில் முடிதிருத்தும் தொழிலாளரை நாம் நடத்திய முறையை இவ்விடத்தில் நினைத்துப் பார்ப்பது நல்லது. மரண வீட்டில் அவரின்றிக் கிரியை நடவாது. ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் அவருக்கு இருக்கை கொடுக்க எமது மூத்தோர் தயங்கினர். கூசாமல் சொல்லவேண்டிய உண்மை இது. கத்தியும் கத்தரிக்கோலும் பிடித்த ஒரு கை ஒரு சமூகத்தையே தாங்கிப் பிடித்த கதையை ஒரு கோயில் மலரில் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனிக் காப்புறுதி பற்றிய விடயத்துக்கு வருவோம். அந்நாட்களில் அமெரிக்காவின் பெரிய காப்புறுதிக் கம்பனிகள் கறுப்பின மக்களைச் சமமாக நடத்தவில்லை. வெள்ளையர் கட்டும் அதே தவணைப் பணத்தைக் கட்டினாலும் கறுப்பினத்தவர் இறந்தால் குறைந்த தொகையே கொடுப்போம் என 1881இல் பெரிய கம்பனியொன்று அறிவித்தது. அவர்களைச் சேர்ப்பதே நட்டம் என்று புள்ளிவிபரம் காட்டிப் புத்தகம் எழுதியோரும் இருந்தனர். ஆகவே அம்மக்கள் தங்கள் தேவாலயங்களை மையமாகக் கொண்டு தாமே சிறு சிறு சங்கங்களை அமைத்தனர். கிழமைக்குச் சில சதம் சந்தா. நோய் வந்தால் ஒரு சிறு உதவி. இறந்தால் பிரேதத்தைக் கௌரவமாக அடக்கம் செய்யச் செலவு.

அடியார்களே, இதை வாசிக்கையில் எமது ஊர் மரணச் சகாய நிதிச் சங்கம் உங்கள் கண்முன் வராமல் இருக்குமா? பந்தல், பறை, பாடை, எட்டுச் செலவு என்று திடீரென ஒரு வீட்டின் மேல் வந்து விழும் சுமையை ஊர் கூடித் தூக்குவதற்காக எமது முன்னோர் ஏற்படுத்திய சங்கமும் இதுதான். கடல் கடந்த நாட்டில், எம்மை அறியாத மக்கள், அதே துன்பத்துக்கு அதே மருந்தைக் கண்டுபிடித்திருந்தனர்.

ஆனால் அத்தகைய சங்கங்களிற் பல நிலைக்கவில்லை. இதற்கான காரணம் கணக்குத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். சந்தாவாக வரும் பணம் கைக்கு வந்தவுடன் எமக்குச் சொந்தமானது போலத் தோன்றும். உண்மையில் அது இன்னும் இறக்காத ஒருவரின் பணம். அவர் இறக்கும் நாள் வரை அதை நாம் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இருப்புப் பணம் ஒதுக்காமல் வந்ததை வந்தபடி செலவிட்ட சங்கம், ஒரு வருடத்தில் மரணங்கள் சற்றுக் கூடியதும் படுத்துவிடும். அப்போது பத்து வருடம் சதம் சதமாகக் கட்டிய கிழவியின் கையில் ஒரு வெற்று அட்டை மாத்திரம் மிஞ்சும்.

1905இல் ஜோர்ஜியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இத்தகைய சங்கங்கள் தொடர்ந்து நடைபெற வேண்டுமாயின் 5,000 டொலர் வைப்புச் செய்ய வேண்டும் என்பது அச்சட்டம். போதகர்கள் நடத்திய சிறு சங்கத்துக்கு அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அட்லாண்டாவில் இரு போதகர்கள் ஹேர்ண்டனை நாடி வந்தனர். அவர் அந்தச் சங்கத்தை 140 டொலருக்கு வாங்கினார். சட்டம் கேட்ட வைப்புப் பணத்தைச் சலூனில் உழைத்த தன் பணத்திலிருந்து கட்டினார். தத்தளித்துக்கொண்டிருந்த வேறு சில சங்கங்களையும் அதனுடன் சேர்த்துக்கொண்டார். அட்லாண்டா பரஸ்பர காப்புறுதிச் சங்கம் என ஆரம்பித்த அது 1922இல் அட்லாண்டா ஆயுட் காப்புறுதிக் கம்பனி என்று பெயர் பெற்றது. ஏழைகளின் வீடு வீடாகச் சென்று சதங்களைச் சேர்க்கும் நூற்றுக்கணக்கானோர்க்கு அது மேசை வேலையும் மரியாதையான வாழ்வும் கொடுத்தது. கறுப்பினப் பிள்ளைகளின் அநாதை இல்லத்துக்கும் பாலர் பாடசாலைக்கும் தேவாலயத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஹேர்ண்டன் வாரி வழங்கினார். 1927இல் அவர் காலமானபோது நூறுக்கு மேற்பட்ட வீடுகள் அவருக்குச் சொந்தமாயிருந்தன. அவரது மகன் நொரிஸ் 1950இல் ஒரு தர்ம நிதியத்தை நிறுவித் தம் செல்வத்தை அதற்கு ஆக்கினார்.

இவ்வளவுடன் நிறுத்தினால் இது ஒரு புகழுரையாக முடிந்துவிடும். ஆனால் இக்கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டுத் தர்மத்தைப் பற்றிப் பேச முடியாது.

சரவிளக்குகள் தொங்கிய அந்தச் சலூனில் முடி வெட்டியவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வெள்ளையர். கறுப்பினத்தவர் ஒருவர் வாடிக்கையாளராக அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. அடிமையாகப் பிறந்தவர் தன் சொந்த இனத்துக்குக் கதவைச் சாத்தி வைத்த கடையில் சேர்த்த பணம்தான் பின்னர் அந்த இனத்தின் பிரேதங்களைக் கௌரவமாக அடக்கம் செய்ய உதவியது. இது தர்மமா?

அவர் சார்பாகச் சொல்லக்கூடியவை உண்டு. இனப்பிரிவினை வழக்கமும் சட்டமும் கோலோச்சிய காலம் அது. இரு இனத்தாரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருத்தியிருந்தால் கடையே இருந்திராது. கடை இல்லாவிட்டால் 5,000 டொலரும் இல்லை, சங்கமும் இல்லை. அதுமட்டுமன்று, கதவைச் சாத்தி வைத்தும் அவருக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. 1906 செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்கள்மேற் பாய்ந்தன. ஹேர்ண்டன் அன்று நேரத்துடன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். கடையின் கண்ணாடிகள் நொருக்கப்பட்டன. எதிர்ப்பக்கத்துச் சலூனில் இருந்த கறுப்பினத் தொழிலாளர் கொல்லப்பட்டனர். பகலில் யாருடைய கழுத்தில் கத்தி வைத்துச் சவரம் செய்ய நம்பி விடப்பட்டார்களோ, இரவில் அவர்கள் மத்தியிலேயே அவர்களுக்கு உயிர்ப் பயம் என்ற நிலை. கலவரங்களைக் கண்ட எமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஹேர்ண்டன் பணிந்து மட்டும் போனவரும் அல்லர். 1905இல் சம உரிமை கோரி நயாகராவுக்கு அருகில் கூடிய முதற் கூட்டத்துக்குத் தன் சிறு மகனையும் கூட்டிக்கொண்டு சென்றவர் அவர்.

இவ்வளவும் உண்மை. ஆயினும் அந்த வாசலில் நின்று திரும்பிப் போன ஒரு கறுப்பினத் தொழிலாளியிடம் நாம் போய், 'அவர் அநாதை இல்லத்துக்குக் காசு கொடுக்கிறார்' என்று சொன்னால் அவன் மனம் ஆறுமா? ஆறவேண்டும் என்று கேட்க எமக்கு உரிமை இல்லை. நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். கொடை என்பது சலவைத் தொழில் அன்று. ஒரு பக்கத்தில் எழுதிய பற்றை இன்னொரு பக்கத்தில் எழுதும் வரவால் அழிக்க முடியாது. இரண்டும் கணக்கிலே நிற்கும். ஹேர்ண்டனின் பெருமை அவர் வழங்கிய கொடைகளில் இல்லை. அவரைப் போலக் கொடுத்த பணக்காரர் எத்தனையோ பேர். கிழமைக்குச் சில சதம் கட்டிய ஏழைக்குக் கொடுத்த வாக்கு முறியாமல் இருக்கத் தன் பணத்தைப் பிணையாக வைத்தாரே, அதிலேதான் இருக்கின்றது.

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்பதை ஓர் அதிகாரமாகவும் ஈகை என்பதை அதற்கு அடுத்த அதிகாரமாகவும் தனித்தனியே வைத்திருக்கிறார். இரண்டும் கொடுப்பதுதானே, ஏன் இரண்டு அதிகாரம் என்று சிறுவயதில் நான் யோசித்ததுண்டு. இல்லாதவர் கேட்கக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்வதனால் ஊருக்கு நாம் பட்டிருக்கும் கடமையை அறிந்து செய்வது ஒப்புரவு. ஈகையிலே கொடுப்பவர் மேலே நிற்பார். ஒப்புரவிலே மேல் கீழ் இல்லை. வள்ளுவர் ஒப்புரவை முதலில் வைத்து ஈகையைப் பிறகு வைத்ததில் ஒரு பொருள் இருப்பதாகவே எனக்குப் படுகின்றது.

எமது சைவ மரபிலும் இதற்கு உதாரணம் உண்டு. அறுபத்துமூவருள் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் காஞ்சியில் சலவைத் தொழில் செய்தவர். பெருஞ்செல்வம் எதையும் அவர் அள்ளிக் கொடுத்ததாகப் பெரிய புராணம் கூறவில்லை. மெலிந்த உடலுடன் வந்த ஓர் அடியாரின் கந்தையை வாங்கி, பொழுது படுமுன் வெளுத்து உலர்த்தித் தருவேன் என்று வாக்குக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. பொழுதும் சாய்ந்தது. குளிரில் நிற்கும் அடியாருக்குக் கொடுத்த வாக்குத் தவறியதே என்று, துணி துவைக்கும் கல்லிலே தன் தலையை மோதப் போனார். அப்பொழுது இறைவனின் திருக்கரம் எழுந்து அவரைத் தடுத்தது. மழை பெய்ததற்கு அவர் என்ன செய்வார்? 'மழை ஐயா, நான் என்ன செய்வது?' என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

நான் சொன்னேன். இதை எழுதுவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன் என்றாலும் பிழையில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த இரவை எவரும் மறக்கமாட்டார்கள். அப்போது ஊர் மரணச் சகாய நிதிச் சங்கத்தின் பொருளாளர் நான். உடுத்த துணியோடு புறப்பட்டபோதும் சங்கத்தின் பேரேட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் பையில் வைத்துத் தென்மராட்சிக்குக் கொண்டு போனேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. 1996இல் ஊர் திரும்பியபின் அங்கத்தவர்கள் நிலுவைச் சந்தாவைக் கட்டினார்கள். கூலி வேலை செய்த ஓர் அங்கத்தவர் பிந்தித்தான் ஊருக்கு வந்தார். வந்தவர் நிலுவையைக் கட்டவில்லை. கட்ட வழியும் இருக்கவில்லை. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். தொடர்ந்து மூன்று மாதம் சந்தா கட்டாதவரின் அங்கத்துவம் தானாகவே அற்றுப்போகும் என்பது சங்கத்தின் விதி.

மூன்றாம் நாள் அவரது மனைவி என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். என்னிலும் வயதில் மூத்தவர்.

"தம்பி, பதினாறு வரியமாக் கட்டினவர். பந்தல்காரருக்கே இன்னும் குடுக்கேல்லை. கொஞ்சம் பாருங்கோ" என்றார்.

"அக்கா, விதி அப்பிடி இருக்கு. நான் என்ன செய்யிறது?" என்றேன். பேரேட்டைத் திறந்து வெறுமையாக இருந்த மாதங்களை விரலால் தொட்டும் காட்டினேன்.

"அப்ப சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வருடம், காலஞ்சென்ற என் தந்தையாரின் ஞாபகார்த்தமாக எமது ஆலயத்துக்கு ஒரு மணி செய்வித்துக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்துக்குச் சேரவேண்டியிருந்த தொகையிலும் பலமடங்கு செலவானது. பெயர் பொறித்தார்கள். மாலை போட்டார்கள். மலரிலும் வந்தது. இன்றும் அந்த மணி அடிக்கின்றது.

சிலர் நான் செய்தது சரிதான் என்பார்கள். விதியை ஒருவருக்கு வளைத்தால் எல்லோருக்கும் வளைக்க வேண்டிவரும், நிதி கரைந்துவிடும், பிறகு எவருக்கும் கொடுக்க இருக்காது என்பார்கள். இது வலுவான நியாயம். அட்லாண்டாவில் படுத்துப்போன சங்கங்களை நினைத்தால் இதன் வலு இன்னும் தெரியும். இரக்கத்தால் மாத்திரம் ஒரு நிதியை நடத்த முடியாது. நானும் பல வருடங்கள் இந்த நியாயத்துக்குள்ளேயே ஒளித்திருந்தேன்.

ஆனால் அந்த விதி எதற்காக எழுதப்பட்டது? அசட்டையாகச் சந்தா கட்டாமல் விட்டுவிட்டு, நோய் வந்தவுடன் ஓடி வருபவரிடமிருந்து நிதியைக் காப்பதற்காக. ஊரே ஓடிய காலத்தை அந்த விதியை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்கவில்லை. நான் விதியை மீறியிருக்கத் தேவையில்லை. செயற்குழுவைக் கூட்டி, 'இடம்பெயர்ந்த மாதங்களைக் கணக்கில் எடுப்பதா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாற் போதும். குழு மறுத்திருந்தால் அது குழுவின் தீர்மானம். நான் கேட்கவேயில்லை. ஹேர்ண்டன் தன் பணத்தைப் பிணையாக வைத்தார். என்னிடம் கேட்கப்பட்டது ஒரு கூட்ட அறிவித்தல் மாத்திரம். அதைக்கூட எழுதாத கைதான் பிறகு மணி செய்து கொடுத்தது. அந்த மணி என் தந்தையாருக்காகவா, அல்லது படலையில் நின்ற அந்தக் குரலை நான் கேளாமல் இருப்பதற்காகவா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. கணவரின் அந்தியேட்டி முடிந்த அடுத்த மாதமே அந்த அம்மையார் தன் பெயரில் சங்கத்தில் சேர்ந்தார். மாதம் பிறந்தால் முதற்கிழமையில் சந்தாப் பணத்தை என் கையிலே தந்து ரசீது வாங்கிச் செல்வார். பன்னிரண்டு வருடங்களில் ஒரு மாதமேனும் தவறவில்லை. அவர் இறந்தபோது சங்கம் அவரது பிள்ளைகளுக்கு முழுத்தொகையையும் கொடுத்தது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். தனக்கு வாக்குத் தவறிய சங்கத்தை அவர் தவறாமல் தாங்கினார். அந்தப் பேரேட்டிலே ஒப்புரவு யாருடைய பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றது என்பதை அடியார்களே தீர்மானிக்கலாம்.

ஆகவே, ஆலயத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. திருப்பணிக்குப் பணம் தேவை. கொடுப்போர் வாழ்க. ஆனால் கொடுக்குமுன் ஒரு கணம் எமது கணக்கைத் திறந்து பார்ப்போம். யாருக்காவது சேரவேண்டிய கூலி எமது கையில் நிற்கின்றதா? யாருக்காவது சொன்ன சொல் நிலுவையில் இருக்கின்றதா? யாராவது எமது வாசலில் நின்று 'அப்ப சரி' என்று திரும்பிப் போனார்களா? அந்த நிலுவையைத் தீர்த்தபின் மிஞ்சுவதே பெருமானுக்கு நாம் வைக்கக்கூடிய காணிக்கை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். காப்புறுதிக் கம்பனிகளில் தவணை தவறியவருக்கும் சலுகைக் காலம் என்று ஒன்று கொடுப்பது வழக்கம். எமது மரணச் சகாய நிதிச் சங்கத்தின் விதியில் இன்றுவரை அது இல்லை. இடம்பெயர்வு, வெள்ளம், நீண்ட நோய் ஆகிய காலங்களில் தவறிய சந்தாவைக் காரணம் காட்டி எந்தக் குடும்பத்தையும் திருப்பி அனுப்பாமல், செயற்குழுவைக் கூட்டி ஆராய்ந்த பின்னரே முடிவு செய்யவேண்டும் என்ற திருத்தத்தை வருகின்ற பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழிய இருக்கின்றேன். அவ்வாறான கொடுப்பனவுகளால் நிதி கரையாதிருக்க ஒரு தனி இருப்பையும் தொடங்க வேண்டும். அதற்கு முதற் தொகையை நான் தருவேன். அதற்கு ரசீது போதும். அடுத்த வருட மலரின் கடைசிப் பக்கத்தில் அதற்காக என் பெயரைப் போடவேண்டாம் என்று மலர்க் குழுவினரை இப்போதே தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

எல்லோர் வாசலிலும் விநாயகப் பெருமான் துணை நிற்பாராக.

திருச்சிற்றம்பலம்.